கோப்பி இலையின் அடிப்புறத்தைப் பார்த்தவர்



மடுல்கெல்லவிலிருந்து கெலெபொக்க பக்கமாக மலை ஏறிச் செல்பவர்கள் தேயிலைப் பச்சைக்கு நடுவே, லயத்துக் கோடியிலோ வேலியோரத்திலோ, ஒன்றிரண்டு கோப்பிச் செடிகள் நிற்பதைக் கண்டிருப்பார்கள். எவரும் அவற்றைப் பெரிதாக மதிப்பதில்லை. வீட்டுக்கு வேண்டிய கோப்பித்தூளுக்குக் காய் பறிப்பதோடு சரி. ஆனால் நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன்னர் இந்த மலைகளில் தேயிலை இல்லை. மடுல்கெல்ல, கெலெபொக்க, ரங்கல, நக்கிள்ஸ் சாரல் எங்கும் கோப்பியே ராசாவாக வீற்றிருந்தது. அந்த ராசா எப்படி மாண்டான், அவனைக் காப்பாற்ற அனுப்பப்பட்ட இளைஞர் யார், அவர் ஏன் கைவிரித்தார் என்பதை இவ்வாரம் உங்களுக்குச் சொல்ல விரும்புகிறோம். அவர் பெயர் ஹரி மார்ஷல் வார்ட். தாவர நோயியலைக் கற்றவர்களுக்கு அப்பெயர் நன்கு தெரியும். எங்கள் தோட்டங்களில் அதைக் கேள்விப்பட்டவர்கள் மிகச் சிலரே.

முதலில் அந்தக் காலத்தைச் சற்று நினைவுக்குக் கொண்டு வாருங்கள். கண்டிக்குப் புகையிரதம் வந்தது 1867-ல். அது யாத்திரிகருக்காகப் போடப்பட்டதன்று. கோப்பி மூட்டைகளுக்காகப் போடப்பட்டது. எங்கள் முன்னோர் மன்னாரில் இறங்கி, காட்டு வழியே மாத்தளைக்கு நடந்து வந்தார்கள். வழியில் மாண்டவர்களுக்குக் கணக்கில்லை. அவர்களில் பெரும்பாலோர் இங்கேயே குடியிருக்க வந்தவர்கள் அல்லர். கோப்பிப் பழம் பறிக்கும் பருவத்துக்கு வந்து, காசைச் சேர்த்துக்கொண்டு ஊர் திரும்புவதே வழக்கம். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னர் இது வேண்டியிருக்கும்.

1869-ஆம் ஆண்டு மடுல்சீமையில் ஒரு தோட்டத்தில் கோப்பி இலைகளில் மஞ்சட் புள்ளிகள் தோன்றின. (பெயர் ஒற்றுமையால் மடுல்கெல்ல வாசகர்கள் மயங்க வேண்டாம். மடுல்சீமை ஊவாவில் உள்ளது.) இலையைத் திருப்பினால் அடிப்புறத்தில் செம்மஞ்சள் நிறத்தில் துரு போன்ற தூள். சில வாரங்களில் இலை உதிரும். உதிர்ந்த இலைகள் பேராதனைப் பூங்காவின் அதிபர் துவெயிற்ஸ் என்பவரிடம் போயின. அவர் சிறந்த தாவரவியலாளர். ஆனால் பூஞ்சண வகைகளில் தேர்ச்சி பெற்றவர் அல்லர். ஆகவே மாதிரிகளை இங்கிலாந்துக்குக் கப்பலில் அனுப்பினார். அங்கே அவற்றை ஆராய்ந்தவர் பேர்க்லி என்னும் அங்கிலிக்கன் குருவானவர். அயர்லாந்து மக்களைப் பட்டினியில் ஆழ்த்திய உருளைக்கிழங்கு நோய்க்குப் பூஞ்சணமே காரணம் என்று முன்னரே வாதாடியவர் அவர். பங்குப் பணிக்கு நடுவில் நுணுக்குக்காட்டியைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்த அந்தக் குருவானவர், தம் நண்பர் புரூமுடன் சேர்ந்து இந்தப் புதிய பூஞ்சணத்துக்கு ஹெமிலேயா வஸ்தாத்திரிக்ஸ் என்று பெயரிட்டார். வஸ்தாத்திரிக்ஸ் என்னும் இலத்தீன் சொல்லுக்கு நாசஞ் செய்பவள் என்று பொருள். பெயர் வைத்தபோது அது எத்துணை பொருத்தமாகும் என்று அவருக்கே தெரிந்திராது.

பெயர் கிடைத்தது, பரிகாரம் கிடைக்கவில்லை. 1870-ல் இலங்கையிலிருந்து ஏறக்குறைய பத்துக் கோடி இறாத்தல் கோப்பி ஏற்றுமதியானது. இத்தனை பணம் புரளும் தொழிலுக்கு நோய் வந்தால் உடனே ஒரு விஞ்ஞானியை அமர்த்தியிருப்பார்கள் என்றுதானே நினைப்பீர்கள்? அதுதான் நடக்கவில்லை. நோயால் விளைச்சல் குறைந்தபோது கோப்பி விலை ஏறிற்று. விலை ஏறியதால் துரைமார் மேலும் மேலும் காட்டை வெட்டிப் புதிதாக நட்டார்கள். நோய் தானாகவே போய்விடும் என்றார்கள் சிலர். உரம் போதாது என்றார்கள் வேறு சிலர். காலநிலையைக் குறை கூறினார்கள் இன்னும் சிலர். பத்து ஆண்டுகள் இப்படியே கழிந்தன. இடையில் பேராதனைக்கு உதவி அதிபராக வந்த டானியல் மொரிஸ், கந்தகத்தையும் சுண்ணாம்பையும் கலந்து தூவிப் பார்த்தார். மரப்பட்டையில் காணப்பட்ட சில மெல்லிய இழைகளே நோயின் ஒரு பருவம் என்று அவர் எண்ணினார். 1879-ல் அவர் ஜமேய்க்காவுக்கு மாற்றலாகிப் போனார். அதன் பின்னரே இந்நோயை ஆராய்வதற்கென்று தனியாக ஒருவருக்கு அரசாங்கம் சம்பளம் கொடுக்கச் சம்மதித்தது. இரண்டு ஆண்டுகளுக்கு மாத்திரம்!

அரசாங்கப் பணம் என்றால் யாருடைய பணம் என்று வாசகர் கேட்பது நியாயம். அக்காலத்து அரசாங்க வருமானத்தில், இறக்குமதியான அரிசி மீது விதிக்கப்பட்ட தீர்வைக்கும் பங்கு உண்டு. இந்தியாவிலிருந்து வந்த அந்த அரிசியைத் தின்றவர்கள் யார்? தோட்டத்து ஆட்களே. ஆகவே வார்ட் துரையின் சம்பளத்தில் மடுல்கெல்ல மலையில் பழம் பறித்தவளுடைய ஒரு கைப்பிடி அரிசியும் இருந்தது என்று சொன்னால் அது மிகையாகாது.

வார்ட் 1854-ல் இங்கிலாந்தின் ஹெரபோட் நகரில் பிறந்தவர். (கண்டியில் தோட்டத் துரைமார் சங்கம் அமைக்கப்பட்டதும் அதே ஆண்டில்தான்.) தந்தையார் சங்கீதக்காரர், செல்வந்தர் அல்லர். விஞ்ஞான ஆசிரியர்களைப் பயிற்றுவதற்காக இங்கிலாந்து அரசாங்கம் சவுத் கென்சிங்டனில் நடத்திய வகுப்புகளில் பேராசிரியர் ஹக்ஸ்லியிடம் பயின்றார். பின்னர் மஞ்செஸ்ரரிலும், புலமைப் பரிசில் பெற்றுக் கேம்பிரிட்ஜிலும் கற்று, 1879-ல் முதல் வகுப்பில் தேறினார். அடுத்து அவர் போனது ஜேர்மனிக்கு. அக்காலத்தில் தாவரங்களின் உயிர்த்தொழிலை அறிய விரும்பியவர்கள் வூர்ஸ்பேர்க்கில் சாக்ஸ் என்னும் பேராசானின் ஆய்வுகூடத்தை நாடிப் போவது வழக்கமாயிருந்தது. அங்கிருந்து வந்த இருபத்தைந்து வயது இளைஞரைத்தான் 1880-ன் தொடக்கத்தில் இலங்கை வரவேற்றது. அரசாங்கப் பூவாத்தாவர நிபுணர் என்பது அவருடைய பதவிப் பெயர். இப்படி ஒரு பதவி இருக்கிறதென்று தோட்டத்தில் யாரும் அதற்கு முன் கேள்விப்பட்டிருக்கமாட்டார்கள்.

அவர் செய்த வேலை பார்ப்பதற்கு மிக எளியது. இலையின் அடிப்புறத்திலுள்ள செம்மஞ்சள் தூளை, அதாவது பூஞ்சணத்தின் வித்திகளை எடுத்தார். நல்ல இலையில் ஒரு துளி நீரை வைத்து, அதில் அவற்றை இட்டார். இடத்தை அடையாளம் செய்துகொண்டு காத்திருந்தார். நீர் இருந்தால் வித்தி முளைக்கும், உலர்ந்தால் முளைக்காது. முளைத்த இழை இலையின் அடிப்புறத்திலுள்ள இலைவாய் என்னும் நுண்ணிய துவாரங்களைத் தேடிப்பிடித்து உள்ளே நுழையும். உள்ளே போனபின் வெளியிலிருந்து எதைத் தூவினாலும் அதற்கு எட்டாது. இரண்டு மூன்று வாரங்களில் அடையாளமிட்ட அதே இடத்தில் மஞ்சட் புள்ளி தோன்றும். பிறகு அப்புள்ளியிலிருந்து புதிய தூள் கொட்டும். ஒரு புள்ளியிலிருந்து மாத்திரம் இலட்சத்துக்கும் மேற்பட்ட வித்திகள். நோய் மண்ணிலிருந்து வரவில்லை, மரத்தின் பலவீனத்திலிருந்து வரவில்லை, வித்தியிலிருந்தே வருகிறது என்று இவ்வாறு அவர் ஐயமற நிறுவினார். மொரிஸ் கண்ட பட்டை இழைகள் இந்நோயோடு தொடர்பில்லாத வேறு பூஞ்சணங்கள் என்றும் காட்டினார்.

வித்திகள் எப்படித் தோட்டம் விட்டுத் தோட்டம் போகின்றன? கண்ணாடித் தகடுகளில் கிளிசரின் பூசிக் காற்றில் தொங்கவிட்டார். எடுத்துப் பார்த்தால், கோப்பி நோயின் வித்திகள் அவற்றில் ஒட்டியிருந்தன! காற்றுத்தான் தபாற்காரன் என்பது வெளிச்சமாயிற்று. வாசகரே, அவர் கண்டுபிடித்தவற்றுள் இதுவே எங்களுக்கு மிக முக்கியமானது என்பது எமது எண்ணம். ஏனெனில் இதிலிருந்து அவர் ஒரு கசப்பான முடிவுக்கு வந்தார். மலைக்கு மலை, காட்டின் ஒரு கீற்றுக்கூட விடாமல் வெட்டி, ஒரே பயிரை நெருக்கி நட்டதே பூஞ்சணத்துக்கு விருந்து வைத்ததாயிற்று. இடையிடையே மரவரிசைகள் இருந்தால் காற்றையும் வித்தியையும் தடுக்கும். மருந்து தூவுவதாயின் நோய் கண்டபின் அன்று, வித்தி முளைக்கு முன்பே இலையில் மருந்து படிந்திருக்க வேண்டும். இவையே அவருடைய அறிக்கைகளின் சாரம்.

துரைமார் எதிர்பார்த்தது இதையன்று. அவர்களுக்கு வேண்டியது ஒரு மருந்து. அடுத்த அறுவடைக்கு முன் பலன் தரும் மருந்து. அதை அவர் தரவில்லை. தரமுடியாததைத் தருவதாகச் சொல்லவும் இல்லை. பொய்யான நம்பிக்கை கொடுத்திருந்தால் பதவி நீடித்திருக்கலாம். அவர் மூன்று அறிக்கைகளை எழுதிக் கொடுத்துவிட்டு, தவணை முடிந்ததும் கப்பலேறினார். அரசாங்கமும் அவர் வேலையைத் தொடர்வதற்கு இன்னொருவரை அழைக்கவில்லை.

வார்ட் நேரே வீட்டில் போய் அமர்ந்துவிடவில்லை. 1882-ல் அவர் ஸ்ரார்ஸ்பேர்க்குக்குப் போய், துரு நோய்ப் பூஞ்சணங்களின் வாழ்க்கையை அறிந்தவர்களில் தலைசிறந்தவரான டி பாரி என்பவரின் ஆய்வுகூடத்தில் தம் இலங்கை வேலையைத் தொடர்ந்தார். பேராதனையில் சேர்த்த இலை, ஜேர்மனியரின் நுணுக்குக்காட்டி, ஆங்கிலத்தில் எழுதிய கட்டுரை. உண்மை எந்தக் கொடியின்கீழ் இருந்தாலும் உண்மைதானே! மூன்று ஆண்டுகள் கழித்து, 1885-ல், பிரான்சின் போர்தோ நகரில் மில்லார்தே என்னும் பேராசிரியர் துருசும் சுண்ணாம்பும் கலந்த கரைசல் திராட்சைக் கொடியின் பூஞ்சணத்தைத் தடுக்கிறதென்று வெளியிட்டார். வித்தி முளைக்கு முன் இலையில் படிந்து காக்கும் மருந்து. வார்ட் எது வேண்டுமென்று சொன்னாரோ அதுவே. பிற்காலத்தில் உலகெங்கும் கோப்பித் துருவுக்குத் தெளிக்கப்பட்டது செம்புச் சேர்ந்த இவ்வகை மருந்துகளே. ஆனால் அப்போது இலங்கையில் அதைக் கோப்பியில் தொடர்ந்து பரிசோதிக்க ஆளும் இல்லை, காக்க வேண்டிய கோப்பியும் அதிகம் மிஞ்சியிருக்கவில்லை.

1884-ல் ஒறியன்டல் வங்கி முறிந்தது. 1889-ல் ஏற்றுமதி சுமார் ஐம்பது இலட்சம் இறாத்தலாகச் சுருங்கிற்று. இருபதில் ஒரு பங்கு. துரைமார் பலர் கையில் ஒன்றுமில்லாமல் ஊர் திரும்பினார்கள். அவர்களுக்காக எழுதி வைத்தவர்கள் உண்டு. சம்பள பாக்கி கிடைக்காமல் மன்னார்க் கரைக்குத் திரும்பி நடந்த ஆட்களுக்காக எழுதியவர்கள் குறைவு. எஞ்சிய துரைமார் முதலில் சிங்கோனா மரத்தை நட்டார்கள். கொயினா விலை விழுந்தது. அதன் பின் லூல்கந்துரையில் ஜேம்ஸ் ரெயிலர் 1867-லேயே நட்டுக் காட்டியிருந்த தேயிலைக்கு எல்லோரும் மாறினார்கள்.

முன்னர் மனதில் வைக்கச் சொன்னதை இப்போது எடுத்துக்கொள்ளுங்கள். கோப்பிக்குப் பருவம் உண்டு. தேயிலைக்கு அது இல்லை. ஆண்டு முழுவதும் கொழுந்து பறிக்க வேண்டும். எனவே குடும்பத்தோடு வந்து தங்கும் ஆட்கள் தேவைப்பட்டார்கள். வந்து போய்க்கொண்டிருந்தவர்கள் லயத்திலே பிறந்து லயத்திலே மடியும் சமூகமானார்கள். வேறு காரணங்களும் இருந்தன என்பதை மறுக்கவில்லை. ஆயினும் மடுல்கெல்லவில் இன்று இதை வாசிக்கும் பலர் இங்கே பிறந்ததற்கு, கண்ணுக்குத் தெரியாத ஒரு வித்தியும் ஒரு காரணம்.

நிற்க. வார்டின் எஞ்சிய வாழ்வைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறோம். 1885-ல் கூப்பர்ஸ் ஹில் கல்லூரியில் பேராசிரியரானார்; இந்தியாவின் காடுகளைப் பராமரிக்கப் போகும் உத்தியோகத்தர்கள் அவரிடம் கற்றார்கள். 1888-ல் றோயல் சங்க உறுப்பினர். 1895-ல் கேம்பிரிட்ஜில் தாவரவியற் பேராசிரியர். அவர் காலத்தில் எழுந்த புதிய தாவரவியற் கட்டடத்தை 1904-ல் ஏழாம் எட்வேர்ட் மன்னர் திறந்து வைத்தார். கடைசி ஆண்டுகளிலும் அவர் புல்வகைகளில் வரும் துரு நோயையே ஆராய்ந்துகொண்டிருந்தார். இலங்கையில் தொடங்கிய கேள்வி அவரை விடவில்லை. 1906 ஓகஸ்ற் மாதம், உடல் நலங்குன்றி, ஐம்பத்திரண்டாவது வயதில் காலமானார். இமயமலைப் பக்கங்களில் பூச்செடிகளைத் தேடி அலைந்து புகழ்பெற்ற பிராங்க் கிங்டன் வார்ட் அவருடைய மைந்தரே.

பேராதனையில் அவர் விட்டுச்சென்ற இடத்தின் அருமை மெதுவாகத்தான் உணரப்பட்டது. 1905-ல் ரொம் பெற்ச் என்பவர் அங்கே பூஞ்சணவியலாளராகி இரண்டு தசாப்தங்கள் உழைத்தார். 1925-ல் தேயிலை ஆராய்ச்சி நிலையம் உருவானபோது அதன் முதல் அதிபரும் அவரே. ஏற்றுமதியாகும் ஒவ்வொரு இறாத்தல் தேயிலை மீதும் விதித்த சிறு தீர்வையிலிருந்து அந்நிலையத்துக்குப் பணம் வந்தது. 1946-ல் கொப்புள நோய் என்னும் இன்னொரு பூஞ்சணம் தேயிலைக் கொழுந்தைத் தாக்கிற்று. கோப்பியின் கதை திரும்புமோ என்று மலைநாடு நடுங்கிற்று. இம்முறை தலவாக்கலையில் ஆய்வுகூடம் இருந்தது, ஆட்கள் இருந்தார்கள், செம்பு மருந்து இருந்தது. தேயிலை தப்பியது. பத்து வருடம் தாமதித்து இரண்டு வருடத்துக்கு ஒருவரை அமர்த்துவதற்கும், நோய் வருமுன்னரே ஒரு நிலையத்தை வைத்துப் பேணுவதற்கும் உள்ள வித்தியாசம் இதுதான்.

கோப்பித் துருவோ நாடு நாடாகப் பயணம் செய்தது. 1955-ல் போர்த்துக்கலின் ஒயிராஸ் என்னும் ஊரில், அந்நாட்டினதும் அமெரிக்காவினதும் அரசாங்கப் பணத்தில், கோப்பித் துருவுக்கென்றே ஓர் ஆராய்ச்சி நிலையம் நிறுவப்பட்டது. கோப்பி விளையாத நாட்டில் ஏன் என்று கேட்பீர்கள். கோப்பி விளையாத இடமானபடியால்தான்! உலகின் எந்த மூலையிலிருந்தும் நோய் வித்தியைத் தபாலில் அனுப்பலாம்; தப்பி ஓடினாலும் அங்கே கெடுப்பதற்குத் தோட்டம் இல்லை. கோப்பி விளையும் நாடுகள் பலவும் வித்திகளையும் செடிகளையும் அங்கே அனுப்பின. திமோர்த் தீவில் இயற்கையாகக் கலப்புற்ற ஒரு கோப்பி இனம் நோயைத் தாங்குகிறதென்று அங்கே கண்டார்கள். அதன் விதைகள் பல நாடுகளுக்கும் போயின. 1970-ல் துரு பிரேசிலை எட்டியபோது அந்தச் செடிகள் கைவசம் இருந்தன. 1982-ல் கொலம்பியா வெளியிட்ட புதிய இனத்துக்கு அந்தத் திமோர்ச் செடியே ஒரு பெற்றோர். ஆனால் பூஞ்சணமும் சும்மா இருப்பதில்லை. புதிய புதிய வகைகளாக மாறிக்கொண்டே இருக்கிறது. கோப்பியைத் தவிர வேறு எந்தச் செடியிலாவது அது தன் வாழ்வின் ஒரு பருவத்தைக் கழிக்கிறதா என்று வார்ட் தேடினார், டி பாரியின் வழிவந்தோரும் தேடினார்கள். அப்படிப்பட்ட செடி இன்றுவரை அகப்படவில்லை.

அடுத்த முறை வேலியோரத்துக் கோப்பிச் செடியைக் கடக்கும்போது, மஞ்சட் புள்ளி விழுந்த இலை ஒன்றைத் திருப்பிப் பாருங்கள். அந்தச் செம்மஞ்சள் தூள் விரலில் ஒட்டும். இன்னொரு செடியைத் தொடுமுன் கையைக் கழுவிக்கொள்ளுங்கள்.