சிறைக்குள் சென்று பார்த்தவர்



மத்தேயு நற்செய்தி 25ஆம் அதிகாரத்தின்படி, இறுதித் தீர்ப்பில் ஆண்டவர் கேட்கும் கணக்கில் சிறையில் இருப்போரைத் தேடிச் செல்வதும் ஒன்று. பசித்தோருக்கு உணவளிக்கிறோம், நோயாளிகளைச் சந்திக்கிறோம். சிறை வாசலில் மட்டும் நம் கால்கள் தயங்குகின்றன. அங்கே தயங்காதவர் ஜான் ஹோவர்ட்.

18ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் வாழ்ந்த செல்வந்தர் அவர். நம் திருச்சபையைச் சேராத, ஆழ்ந்த இறைப்பற்றுள்ள பிரிந்த சகோதரர். 1756இல் கப்பல் பயணத்தில் பிரெஞ்சுக்காரரிடம் சிக்கி, பிரெஸ்ட் கோட்டைச் சிறையில் வைக்கோலில் படுத்துறங்கினார். அடைபட்டோரின் துயரத்தை அங்கே அனுபவித்து அறிந்தார்.

1773இல் பெட்ஃபோர்டு மாவட்ட ஷெரீப் ஆனார். சிறையைக் கவனிப்பது அப்பதவியின் கடமை. பலர் அதை ஏட்டளவில் வைத்திருந்தனர். ஹோவர்ட் நேரில் சென்றார். குற்றமற்றவர் என்று தீர்ப்புப் பெற்றவர்கள்கூட உள்ளேயே கிடந்தனர். சிறைக் காவலருக்குச் சம்பளம் கிடையாது; கைதிகள் தரும் கட்டணமே அவர்களுக்கு வருமானம். கட்டணம் செலுத்த வழியில்லாத ஏழைக்கு விடுதலையும் இல்லை.

காவலருக்குச் சம்பளம் கொடுங்கள் என்று அவர் கேட்டார். வேறெங்காவது அப்படி உண்டா என்று அதிகாரிகள் திருப்பிக் கேட்டனர். அதைத் தேடிப் பக்கத்து மாவட்டங்களுக்குப் போனார். எங்கும் அதே அநீதி! அறையின் அளவு, தண்ணீர், ரொட்டியின் எடை என எல்லாவற்றையும் குறித்துக்கொண்டார். உடையில் ஏறிய சிறை நாற்றத்தால் மூடிய வண்டியில் அமர முடியாமல் குதிரையில் பயணம் செய்தார். குறிப்பேட்டையும் நெருப்பருகே விரித்து வைத்த பிறகே பயன்படுத்த முடிந்தது.

அவரது சாட்சியத்துக்குப் பின், 1774இல் நாடாளுமன்றம் விடுதலையானோரிடம் கட்டணம் கேட்பதைத் தடுத்தது. கைதிகளின் உடல்நலம் காக்கவும் சட்டம் இயற்றியது. 1777இல் தாம் கண்டவற்றை நூலாக வெளியிட்டார். ஐரோப்பிய நாடுகளின் சிறைகளையும் பார்வையிட்டார். 1790இல், இன்றைய உக்ரைனில் உள்ள கெர்சோனில் காய்ச்சலால் இறந்தார்.

தனியொருவர் செய்த பணியை இன்று உலக நாடுகள் சேர்ந்து செய்கின்றன. 2002இல் ஐ.நா. பொதுப்பேரவை ஏற்று, 2006இல் நடைமுறைக்கு வந்த சித்திரவதைத் தடுப்பு உடன்படிக்கையின் விருப்ப நெறிமுறை, அதில் இணைந்த நாடுகளின் சிறைகளையும் காவல் நிலையங்களையும் பார்வையிடும் உரிமையைப் பன்னாட்டுக் குழுவுக்கு அளிக்கிறது. கொடுமை நடந்த பின் தண்டிப்பது ஒரு வழி. நடக்காதபடி முன்னதாகவே சென்று பார்ப்பது இந்த வழி.

ஒருவர் கண் முன்னே செய்ய அஞ்சும் கொடுமையை, யாரும் பாராத இடத்தில் மனிதன் துணிந்து செய்கிறான். ஆகவே சென்று பார்ப்பதே ஓர் இரக்கச் செயல். சிறைகளில் வாடுவோருக்காகவும், அவர்களைத் தேடிச் செல்வோருக்காகவும் செபிப்போம். நம் பங்கின் அருகிலுள்ள சிறைக்கும் நம் கால்கள் செல்லட்டும்.