கப்பற்புழுவிடம் கற்றவர்

மரக்கலம் கட்டுவோருக்குக் கப்பற்புழுவைப் போன்ற பகைவன் வேறில்லை. பெயர்தான் புழு, உண்மையில் அது சிப்பி இனம். வெளியே ஊசித்துளைதான் தெரியும். உள்ளே மரம் முழுவதும் சல்லடையாகியிருக்கும். அந்தப் பகைவனையே ஆசானாகக் கொண்டவர் மார்க் இசம்பார்ட் புருனெல். பொறியியல் பயிலும் நண்பர்கள் இவருடைய மகனின் பெயரையே மிகுதியும் கேட்டிருப்பர். தந்தையின் கதை அதனினும் சுவையானது.

பிரான்சு நாட்டின் நார்மண்டியில், 1769-இல் ஓர் உழவர் குடும்பத்தில் பிறந்தார். தந்தை அவரைப் பாதிரியாராக்க எண்ணினார்; மகனோ கணக்கிலும் வரைபடத்திலும் மூழ்கிக் கடற்படையிற் சேர்ந்தார். பிரெஞ்சுப் புரட்சியின்போது மன்னர் பக்கம் நின்றமையால், 1793-இல் அமெரிக்காவுக்குத் தப்பியோடினார். 1799-இல் இங்கிலாந்து வந்து, போர்க்கப்பல்களுக்கு வேண்டிய கப்பிகளை இயந்திரங்களாற் செய்ய வழிகண்டார். ஆனால் கணக்குப் புலி, பணக்கணக்கில் பூனை! 1821-இல் கடனுக்காகச் சிறை புகுந்தார், மனைவியும் உடனிருந்தார். அரசு 5,000 பவுன் கொடுத்து மீட்டது.

கப்பல் தளத்தில் புழு அரித்த மரத்துண்டொன்றை அவர் உருப்பெருக்கி கொண்டு ஆராய்ந்தார் என்பர். தலைப்பக்கத்து இரண்டு ஓடுகளால் புழு மரத்தை அராவுகிறது. அராவிய வழியின் சுவருக்குச் சுண்ணாம்புப் பூச்சும் பூசிக்கொண்டே போகிறது. முன்னே குடைவது, பின்னே கட்டுவது. இதையே இரும்பில் செய்தால் என்ன? 1818-இல் அதற்குக் காப்புரிமை பெற்றார்.

1825-இல் லண்டனில், தேம்சு ஆற்றின் அடியில் வேலை தொடங்கியது. பன்னிரண்டு இரும்புச் சட்டங்கள், ஒவ்வொன்றும் மூன்றடுக்கு. ஆக, 36 அறைகளில் 36 ஆட்கள். ஒருவர் தம் முன்னுள்ள பலகைகளுள் ஒன்றை மட்டும் எடுத்து, சில அங்குலம் மண்ணைத் தோண்டி, பலகையை மீண்டும் முட்டுக்கொடுத்து வைப்பார். பின்பு சட்டத்தைத் திருகால் முன்னே தள்ளுவர். பின்னால் கொத்தர்கள் உடனே செங்கல் அடுக்குவர்.

ஆனால் புழுவுக்கு வாய்த்தது மரம். இவருக்கு வாய்த்ததோ சேறு. நாறிய நீரும் நச்சுக்காற்றும் தொழிலாளரை நோயில் தள்ளின. 1827-இல் ஆறு உள்ளே புகுந்தது. 1828 சனவரியில் மீண்டும் புகுந்து ஆறு பேரைப் பலிகொண்டது. மகன் இசம்பார்ட் மயிரிழையிற் பிழைத்தார். அந்த அறுவரின் பெயரை யாரும் சொல்வதில்லை என்பதே என் குறை. கையிலிருந்த பணமும் தீர்ந்தது. ஏழாண்டுகள் சுரங்கம் மூடிக்கிடந்தது.

1835-இல் அரசுக் கடனுடன் வேலை மீண்டும் தொடங்கியது. 1843 மார்ச்சு 25-இல் சுரங்கம் திறக்கப்பட்டபோது புருனெலுக்கு வயது 73. நீளம் 396 மீட்டர்தான். வண்டிகள் இறங்கச் சரிவுப்பாதை அமைக்கப் பணமில்லாமையால், மக்கள் நடந்தே கடந்தனர். 1849-இல் அவர் மறைந்தார். 1869 முதல் அதனுள் இரயில் ஓடியது, இன்றும் ஓடுகிறது.