லைப்ஸிக் மாநகரின் தமிழன்பர்

ஜெர்மனி தேசத்து லைப்ஸிக் மாநகர் மூன்று செல்வங்களால் புகழ் பெற்றது. நாற்றிசை வணிகரும் கூடும் பெருஞ்சந்தை ஒன்று. பாக் என்னும் இசைப்புலவர் 1723 முதல் 1750 வரை தொண்டாற்றிய தோமையார் ஆலயத்துச் சங்கீதம் மற்றொன்று. ஐரோப்பா முழுவதும் நூல்களைப் பரப்பிய அச்சுத் தொழில் பிறிதொன்று. அந்நகரில் நம் திருக்குறளும் அச்சேறியது என்பதை அறிந்தார் சிலரே. அதற்குக் காரணராயிருந்தவர் கார்ல் கிரவுல்.

இவர் 1814ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம் 6ஆம் நாள், வோர்லிட்ஸ் என்னும் சிற்றூரில் நெசவாளர் ஒருவரின் மகனாய்ப் பிறந்தார். லைப்ஸிக் சர்வகலாசாலையில் வேதசாஸ்திரம் பயின்றார். 1844இல் லுத்தரன் மிஷன் சங்கத்தின் தலைவரானார். டிரெஸ்டன் நகரிலிருந்த அச்சங்கத்தை 1848இல் லைப்ஸிக்கிற்கு மாற்றினார். மிஷனெரிமார் சர்வகலாசாலைக் கல்வி பெற்றிருத்தல் வேண்டுமென்பது இவர்தம் கொள்கை.

1849இல் புறப்பட்டு, பாலஸ்தீனமும் எகிப்தும் கண்டு, நம் நாடடைந்தார். தமிழகத்தில் தங்கித் தமிழ் நூல்களை முறையாக ஆராய்ந்தார். 1853இல் தாயகம் மீண்டார். மீண்ட பின்னரும் தமிழை விட்டாரல்லர். 1854இல் தமிழ் வேதாந்த நூல்களின் ஜெர்மன் மொழிபெயர்ப்பையும், 1855இல் கைவல்லிய நவநீதத்தை ஆங்கில மொழிபெயர்ப்புடனும், 1856இல் திருக்குறளை ஜெர்மன் மொழியிலும் வெளியிட்டார். குறளின் இலத்தீன் மொழிபெயர்ப்பு அச்சேறுமுன், 1864 நவம்பர் 10ஆம் நாள், எர்லாங்கன் நகரில் ஐம்பதாம் வயதில் காலமானார். அந்நூல் 1865இல் வெளிவந்தது.

தமிழும் தெலுங்கும் கன்னடமும் ஒருங்கே ஒலிக்கும் எம் குருபரப்பள்ளிப் பகுதியில் அயல்மொழி பேசுதல் அருமையன்று. அயலார் மறையினை, அதனை மறுக்க வந்தவரே பொறுமையுடன் ஓதித் தம்மவர்க்கு உரைத்தலன்றோ அருமை!

எனினும் இவர்பால் ஒரு குறையுண்டு. அதனை மறைத்தல் நேர்மையன்று. சாதி சமுதாய வழக்கேயாதலின், சபையில் சேர்வோர் அதனை உடனே துறக்க வேண்டுவதில்லையென இவர் கருதினார். பிற மிஷனெரிமார் பலர் இதனை வன்மையாய் மறுத்தனர். பிறப்பால் ஏற்றத்தாழ்வு கருதாத குறளை மேனாட்டார்க்கு அளித்தவரே, திருச்சபையினுள் அவ்வேற்றத்தாழ்வு நிற்க இடந்தந்தார். அதன் கசப்பைத் தமிழ்க் கிறிஸ்தவர் தலைமுறை தலைமுறையாய் உண்டனர்.

ஆதலின் கிரவுல் நமக்கு விட்டுச்சென்ற கடமை இரண்டு. பிறர் நூலை அவர் கற்றவாறு கற்றல் ஒன்று. குறளைக் கற்றும் அவர் செய்யாது விட்டதனைச் செய்து முடித்தல் மற்றொன்று.