ஆளில்லாத படங்கள்

சென்ற டிசம்பர் விடுமுறையில் வாப்பும்மா எனக்கு ஒரு வேலை தந்தார். குருநகரில் அவருடைய சிறுவயதுத் தோழியின் வீட்டை இடித்துப் புதிதாகக் கட்டப் போகிறார்களாம். அதற்குள் போய்ப் படம் எடுத்துவர வேண்டும். முருகைக்கல்லும் சுண்ணாம்பும் சேர்த்துக் கட்டிய பழைய வீடு. முற்றத்தில் வலை காய்ந்துகொண்டிருந்தது. பிள்ளைகள் உள்ளும் புறமும் ஓடித் திரிந்தார்கள். எல்லாரையும் விலகி நிற்கச் சொல்லி, வலையையும் ஒதுக்கச் செய்து, வாப்பாவின் கைபேசியில் முப்பது படங்கள் எடுத்தேன். துப்புரவாக வந்திருந்தன. வாப்பும்மா எல்லாவற்றையும் பொறுமையாகப் பார்த்துவிட்டு, நடு அறையின் கதவுநிலை எங்கே என்று மட்டும் கேட்டார். அதை நான் எடுக்கவில்லை.

பழைய கட்டடங்களை எப்படிப் படம் எடுப்பது என்று தேடத் தொடங்கியபோதுதான் லின்னேயஸ் டிரைப் என்பவரை அறிந்தேன். மதுரை திருமலை நாயக்கர் மஹாலை 1858இல் படம் எடுத்தவர். இன்று நாம் காணும் மஹால் பின்னாளில் நேப்பியர் பிரபு ஆளுநராக இருந்தபோது பழுதுபார்க்கப்பட்டது. டிரைப்பின் படங்களில் இருப்பது அதற்கு முந்திய, சிதைந்துகிடந்த மஹால். அந்தப் பெருந்தூண்களுக்கு நடுவே ஆளரவமே இல்லை.

அவர் 1822இல் இங்கிலாந்தின் டெவன்போர்ட் என்ற துறைமுக ஊரில் பிறந்தார். பன்னிரண்டு பிள்ளைகள் உள்ள குடும்பம். பதினேழு வயதளவில் கிழக்கிந்தியக் கம்பெனியின் மெட்ராஸ் படையில் சேர்ந்து இந்தியாவுக்கு வந்தார். விடுமுறையில் ஊர் திரும்பியிருந்த காலத்தில், அப்போது புத்தம்புதிதாக இருந்த புகைப்படக்கலையில் ஆசை பிடித்துக்கொண்டது. 1853இல் இலண்டன் புகைப்படச் சங்கத்தில் உறுப்பினரானார். மீண்டும் இந்தியா வந்ததும் ஹளேபீடு, பேலூர்க் கோயில்களைத் தன் விருப்பத்துக்காகவே படம் எடுத்தார். அவை 1855இல் சென்னைக் கண்காட்சியில் வைக்கப்பட்டுப் பரிசும் பெற்றன. அதே ஆண்டில் பர்மா அரசரிடம் அனுப்பப்பட்ட தூதுக்குழுவோடு அவரையும் கமராவோடு அனுப்பினார்கள். அடுத்த ஆண்டு மெட்ராஸ் மாகாண அரசின் புகைப்படக்காரர் என்ற பதவி கிடைத்தது.

1857 டிசம்பர். வட இந்தியாவில் சிப்பாய்களின் எழுச்சி இன்னும் அடங்கவில்லை. டிரைப் மாட்டு வண்டிகளில் சாமான்களை ஏற்றிக்கொண்டு தெற்கே புறப்பட்டார். நாலரை மாதத்தில் இராயக்கோட்டை, ஸ்ரீரங்கம், திருச்சி, புதுக்கோட்டை, மதுரை, தஞ்சாவூர் என்று சுற்றினார். அவருடைய நெகட்டிவ்கள் பெரும்பாலும் காகிதத்தில் ஆனவை. விரித்து வைத்த ஓர் அப்பியாசக் கொப்பியின் அளவு என்று சொல்லலாம். அந்தக் காகிதத்தில் ஒளி மெதுவாகத்தான் பதியும். கல் பதியும், தூண் பதியும். நடந்துபோகிறவர் பதியமாட்டார், சற்று நின்று திரும்பியவர் புகைபோலத் தெரிவார். வானமும் வெறும் வெள்ளையாகவே வரும். அதனால் நெகட்டிவில் தூரிகையால் முகில்களை வரைந்துவிடுவாராம். இதை வாசித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. வலையை ஒதுக்கச் சொன்ன எனக்குச் சிரிக்க என்ன உரிமை?

அவர் எடுத்தவற்றில் எனக்குப் பிடித்தது தஞ்சைப் பெரிய கோயிலின் கல்வெட்டுப் படம். விமானத்தின் அடிப்பகுதியில் ஓடும் தமிழ் எழுத்துகளைத் துண்டு துண்டாக எடுத்து, 21 படங்களை ஒட்டி, ஏறக்குறைய 19 அடி நீளத்தில் ஒரே படமாக்கினார். இராசராசன் காலத்து அந்த எழுத்துகளை அவரால் வாசிக்க முடிந்திருக்காது. ஆனால் ஒரு வரி விடாமல் எடுக்க வேண்டும் என்று நினைத்திருக்கிறார். அக்கல்வெட்டுகள் முறையாக நூலாக வரத் தொடங்கியது அதற்கும் முப்பது ஆண்டுகளுக்குப் பிறகுதான். அதே கோயிலின் வேறொரு சுவரில் நானூறு ஆடல் மகளிரின் பெயரும், எந்தத் தெருவில் எத்தனையாவது வீடு யாருக்கு என்பதும் வெட்டப்பட்டிருக்கிறது. அந்த வீடுகளில் ஒன்றுகூட இன்று இல்லை. கல்லில் வெட்டிய பெயர்கள் மட்டும் இருக்கின்றன.

டிரைப்பின் வேலை நீடிக்கவில்லை. 1859இல் ஆளுநராக வந்த சேர் சார்ல்ஸ் ட்ரெவெலியன் இதெல்லாம் ஆடம்பரச் செலவு என்று நிறுத்திவிட்டார். அயர்லாந்துப் பஞ்ச காலத்தில் நிவாரணச் செலவையே சுருக்கியவர் என்று பெயரெடுத்தவர் அவர். புகைப்படத்துக்கா பணம் கொடுப்பார்? டிரைப் பட்டாளத்துக்கே திரும்பினார். அதன்பின் பர்மாவில் கொஞ்சம் எடுத்ததைத் தவிரக் கமராவைத் தொட்டதாகத் தெரியவில்லை. மேஜர் ஜெனரல் என்ற கௌரவப் பட்டத்தோடு ஓய்வுபெற்று, பிறந்த ஊருக்கே போய், 1902இல் 79ஆவது வயதில் இறந்தார். தேர்ந்த படக்காரராக அவர் இருந்தது ஆறேழு ஆண்டுகள்தான் என்பதை நினைக்கும்போது எனக்கு அந்த ஆளுநர்மீது கோபம் வருகிறது.

இனிக் கதவுநிலை. 1990 ஒக்டோபரில் யாழ்ப்பாணத்து முஸ்லிம்கள் சில மணி நேரத்தில் வெளியேற்றப்பட்டபோது, சோனகதெருவில் இருந்த எங்கள் வீட்டையும் விட்டுத்தான் போனார்கள். பல வருடங்களின் பின் வாப்பும்மா வந்து பார்க்கையில் கூரையும் இல்லை, கதவும் இல்லை, நிலைகளும் இல்லை. சிறுவயதுப் படம் ஒன்றுகூட அவரிடம் மிஞ்சவில்லை. குருநகர் வீட்டில் மட்டும், தோழியின் தகப்பனார் ஒவ்வொரு நத்தாருக்கும் பிள்ளைகளை நிலையோடு நிறுத்தி, உயரத்தை ஆணியால் கீறிவைப்பாராம். பலகாரம் சாப்பிடப் போன வாப்பும்மாவையும் சேர்த்துத்தான்.

மறுபடி நாங்கள் போனபோது ஓடு இறக்கியாகிவிட்டது. நிலையைக் கழற்றி மண்ணில் கிடத்தியிருந்தார்கள். வேலையாட்கள் இருவர் அதை நிமிர்த்திப் பிடித்தார்கள். தோழி கீறல்களைத் தடவித் தடவி, கீழிருந்து மூன்றாவதில் விரலை வைத்தார். வாப்பும்மா பக்கத்தில் போய் நின்றார். அவருடைய நெஞ்சளவுகூட இல்லை அந்தக் கோடு. இம்முறை நான் யாரையும் விலகச் சொல்லவில்லை. படத்தில் தோழியின் கை கொஞ்சம் ஆடியிருக்கிறது. ஓரத்தில் ஒரு சின்னப் பையன் ஓடுகிறான், முகம் தெரியவில்லை. இன்னொன்று எடுக்கட்டுமா என்று கேட்டேன். வாப்பும்மா வேண்டாம் என்று சொல்லிவிட்டு, அதையே பெரிதாக்கிச் சட்டம் போடக் கொடுத்திருக்கிறார்.