மாணவரோடு ஒரே கூரையின்கீழ் வாழ்ந்த புனித நியூமன்

ஆண்டுதோறும் கல்லூரி திறக்கும் காலம் வந்தால், நம் பங்குக் குடும்பங்கள் பலவற்றில் ஒரே காட்சியைக் காண்கிறோம். புதுப் பெட்டியும் படுக்கையும் கட்டப்படுகின்றன. தாய் கண்ணைத் துடைத்துக்கொள்கிறாள். தந்தை விடுதிக் கட்டணத்தை எண்ணிப் பார்க்கிறார். இருவர் மனத்திலும் ஒரே கேள்வி: அங்கே நம் பிள்ளையைப் பார்த்துக்கொள்வார் யார்? இக்கேள்விக்குத் தம் வாழ்வையே விடையாகத் தந்த பெருமகன் ஒருவரின் வரலாற்றை இம்மலரில் நினைவுகூர விரும்புகிறோம். அவரே கர்தினால் ஜான் ஹென்றி நியூமன். அவரைப் பேரறிஞர் என்றும், நூலாசிரியர் என்றும் உலகம் அறியும். அவர் மாணவர் விடுதி ஒன்றின் தலைவராக மாணவரோடு தங்கி வாழ்ந்தார் என்பதைப் பலர் அறியார்.

நியூமன் 1801-ம் ஆண்டு பெப்ருவரி 21-ம் நாள் இலண்டன் மாநகரில் பிறந்தார். ஆறு பிள்ளைகளில் அவரே மூத்தவர். 1817-ல், பதினாறு வயதில், ஆக்ஸ்போர்டு டிரினிட்டிக் கல்லூரியில் தங்கிப் பயிலச் சென்றார். அங்கே அவர் கண்டது என்ன? பணக்கார வீட்டு இளைஞர் இரவெல்லாம் மது விருந்தில் மூழ்கிக் கிடந்தனர். ஒருநாள் அவருடைய வயலினைக் கொண்டுவரச் சொல்லி விருந்துக்கு அழைத்து, அவரைக் குடிக்கவைத்து வேடிக்கை பார்க்க முயன்றனர். அளவுக்கு மேல் குடிக்க மறுத்து அவர் தம் அறைக்குத் திரும்பினார். கூரையும் உணவும் கொடுத்துவிட்டு, இளைஞனின் உள்ளத்தைக் கவனிக்க ஆளில்லாத விடுதி எப்படிப்பட்டது என்பதை அவர் இளமையிலேயே நேரில் கண்டுகொண்டார்.

1822-ல் ஓரியல் கல்லூரியின் உறுப்பினராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். ஆங்கிலிக்கன் சபையில் குருவானவராகவும் ஆனார். 1825-ல் புனித ஆல்பன் ஹால் என்னும் சிறிய மாணவர் இல்லத்தின் துணைத் தலைவராகப் பொறுப்பேற்று, கணக்கு முதல் ஒழுங்கு வரை கவனித்தார். மறு ஆண்டு ஓரியலில் மாணவரின் ஆசானாக, அதாவது டியூட்டராக, நியமிக்கப்பட்டார்.

இங்கேதான் அவருடைய முதல் சோதனை தொடங்கியது. பாடம் சொல்வதோடு ஆசானின் கடமை முடிந்தது என்று அக்காலத்தில் பலர் எண்ணினர். நியூமனோ, தம்மிடம் ஒப்படைக்கப்பட்ட ஒவ்வொரு மாணவனும் தமது மேய்ப்புக்கு உட்பட்ட ஆன்மா என்று கருதினார். உழைக்க விரும்பிய மாணவருக்குத் தனியே நேரம் ஒதுக்கினார். செல்வர் வீட்டுப் பிள்ளை என்பதற்காக எவருக்கும் சலுகை காட்டவில்லை. கல்லூரித் தலைவர் ஹாக்கின்ஸ் இதை ஏற்கவில்லை. 1830-ல் நியூமனிடம் புதிய மாணவரை அனுப்புவதை நிறுத்திவிட்டார். இருந்த மாணவர் படித்து முடித்துச் செல்லச் செல்ல, 1832-க்குள் அவருடைய ஆசான் பணி தானாகவே ஓய்ந்தது. தம் கருத்தை விட்டுக்கொடுத்திருந்தால் பதவி நிலைத்திருக்கும். அவர் விட்டுக்கொடுக்கவில்லை.

பின்னர் நடந்ததைத் திருச்சபை நன்கு அறியும். நீண்ட ஆராய்ச்சிக்கும் செபத்துக்கும் பின், 1845 அக்டோபர் 9-ம் நாள், லிட்டில்மோர் சிற்றூரில் அருளாளர் தொமினிக் பார்பேரியின் கையால் கத்தோலிக்கத் திருச்சபையில் சேர்ந்தார். அதற்கு அவர் கொடுத்த விலை பெரிது. ஆக்ஸ்போர்டும் போயிற்று, அருமை நண்பர் பலரும் விலகினர். 1847-ல் உரோமையில் குருத்துவம் பெற்றார். பின் பர்மிங்காமில் புனித பிலிப் நேரியின் ஆரட்டரி சபையை நிறுவினார்.

அவ்வேளையில் அயர்லாந்து நாடு கொடிய பஞ்சத்தால் நொந்து கிடந்தது. அங்கே அரசு 1845-ல் சமயக் கல்வி இல்லாத கல்லூரிகளை ஏற்படுத்தியிருந்தது. கத்தோலிக்க மக்களுக்கெனத் தனிப் பல்கலைக்கழகம் வேண்டும் என ஆயர்கள் விரும்பினர். ஏழை மக்கள் ஆலய வாசலில் போட்ட காசுகள் அதற்கு மூலதனமாயின. பேராயர் பவுல் கல்லன் 1851-ல் நியூமனை அழைத்தார். 1854 ஜூன் மாதத்தில் பல்கலைக்கழக அதிபராக அவர் பதவியேற்றார். அவ்வாண்டு நவம்பர் 3-ம் நாள், டப்ளின் நகரில் புனித ஸ்தேவான் சதுக்கத்தின் 86-ம் எண் வீட்டில், ஏறக்குறைய இருபது மாணவரோடு பல்கலைக்கழகம் தொடங்கியது.

நியூமன் கட்டடங்களையோ பெரிய மண்டபங்களையோ முதலில் தேடவில்லை. மாணவர் வாழும் வீடுகளைத் தேடினார். புனித பத்திரிக், புனித லாரன்ஸ், புனித மரியா என மூன்று இல்லங்கள் அமைந்தன. ஒவ்வோர் இல்லத்திலும் தலைவராக ஒரு குரு, துணைக்கு இளம் ஆசிரியர்கள், ஒரு சிற்றாலயம், ஒரு பொது உணவு மேசை. தலைவர் கண்டிப்புக்குரியவர், இளம் ஆசிரியரோ மாணவருக்கு மூத்த அண்ணன் போன்றவர். இந்த இருவகை உறவும் இளைஞனுக்குத் தேவை என்பது அவர் எண்ணம்.

மற்ற இரண்டு இல்லங்களையும் பிறரிடம் ஒப்படைத்த அவர், ஹார்கோர்ட் வீதி 6-ம் எண்ணிலிருந்த புனித மரியா இல்லத்துக்குத் தாமே தலைவரானார். எண்ணிப் பாருங்கள்! பல்கலைக்கழகத்தின் அதிபர், ஐம்பத்து மூன்று வயதினர், ஐரோப்பா அறிந்த அறிஞர். அவருக்குத் தனி மாளிகை கேட்டாலும் தகும். ஆனால் அவர் இளைஞரோடு ஒரே வீட்டில் தங்கினார். அவர்களோடு உண்டார், அவர்களோடு செபித்தார், அவர்களைப் பெயர் பெயராக அறிந்தார்.

அவர் இப்படிச் செய்ததற்கு ஆழ்ந்த காரணம் உண்டு. தேர்வு மட்டும் நடத்திப் பட்டம் கொடுத்து, மாணவரைச் சேர்ந்து வாழச் செய்யாத ஒரு பல்கலைக்கழகம். பாடமும் தேர்வும் இன்றி, இளைஞரைச் சில ஆண்டுகள் ஒன்றாக வாழ மட்டும் செய்யும் மற்றொன்று. இவ்விரண்டில் ஒன்றையே தேர்ந்துகொள்ள வேண்டுமானால், இரண்டாவதே மனிதரை உருவாக்கும் என்று தம் விரிவுரைகளில் அவர் துணிந்து எடுத்துரைத்தார். கல்வி நிலையம் தன் பிள்ளைகளை ஒருவர் ஒருவராக அறியும் தாயாக இருக்கவேண்டுமேயன்றி, தொழிற்சாலையாக இருத்தல் ஆகாது என்பதே அவர் கொள்கை.

விடுதியின் ஒழுங்கு பற்றியும் அவருக்குத் தெளிவான கருத்து இருந்தது. கல்லூரி மாணவன் பள்ளிச் சிறுவனும் அல்லன். குருமடத்து மாணவனும் அல்லன். நாளை உலகத்தில் வாழப்போகிறவன். இன்று அவனை முற்றிலும் கட்டிப்போட்டு, நாளை ஒரேயடியாக அவிழ்த்துவிட்டால், அவன் விழுவது உறுதி. ஆகவே, தன்மீது அன்புள்ள ஒருவர் அருகில் இருக்கும்போதே அவன் சுதந்திரத்தைப் பயன்படுத்தக் கற்றுக்கொள்ள வேண்டும். விதிகள் இருக்கட்டும்; அவை மென்மையாக இருக்கட்டும். விதியைவிட மனிதனின் நேரடிச் செல்வாக்கே வலியது என அவர் நம்பினார்.

இது எல்லாருக்கும் பிடிக்கவில்லை. மாணவர் விருப்பம்போல் வெளியே போய்வருகின்றனர், புகை பிடிக்கின்றனர், படிப்புக்குக் குறித்த நேரம் இல்லை எனப் பேராயர் கல்லன் உரோமைக்கு எழுதினார். பேராயரை நாம் குறை கூறலாகாது. ஏழைகளின் காசு வீணாகக்கூடாது, இளைஞரின் ஆன்மா கெடக்கூடாது என்பதே அவர் கவலை. நியூமனின் கவலையும் அதுவே. ஒருவர் கதவைப் பூட்டிக் காக்க நினைத்தார். மற்றவர் கூடவே வாழ்ந்து காக்க நினைத்தார். பிள்ளை வளர்க்கும் வீடுகளில் தந்தைக்கும் தாய்க்கும் இடையே இன்றும் எழும் வழக்கு இது அன்றோ?

பர்மிங்காமில் தம் சபை, டப்ளினில் தம் மாணவர் என இரு பாரங்களைச் சுமந்த அவர், அப்பணிக்காக 56 முறை கடல் கடந்ததாகக் கணக்கிட்டுள்ளார். பல்கலைக்கழகத்துக்குப் பட்டம் வழங்கும் அரசு உரிமை கிடைக்கவில்லை. மாணவர் தொகை எதிர்பார்த்தபடி பெருகவில்லை. 1858 நவம்பரில் பதவி விலகினார். உலகத்தின் கண்ணுக்கு அது தோல்வியே.

ஆனால் அவர் தம் கருத்தைக் கைவிட்டாரா? இல்லை. 1859 மே மாதத்தில் பர்மிங்காமில் சிறுவருக்கான விடுதிப் பள்ளியைத் தொடங்கினார். தாயின் பரிவு சிறுவருக்கு வேண்டுமென்று, வூட்டன் அம்மையார் என்னும் கைம்பெண்ணை இல்லத் தாயாக அமர்த்தினார். 1861 இறுதியில் தலைமை ஆசிரியருக்கும் அம்மையாருக்கும் பெரும் பிணக்கு மூண்டது. நியூமன் அம்மையாரைக் கைவிட மறுத்தார். ஆசிரியர்கள் விலகினர். பள்ளி மூடப்படுமோ என்ற நிலையிலும், சில வாரங்களில் புதிய ஆசிரியரைத் திரட்டிப் பள்ளியைக் காத்தார். சிறுவர் நடிக்க இலத்தீன் நாடகங்களைத் திருத்திக் கொடுத்தார். அவர்களோடு சேர்ந்து வயலின் வாசித்தார். இளமையில் ஏளனத்துக்கு ஆளான அதே இசையை, முதுமையில் பிள்ளைகளோடு பகிர்ந்துகொண்டார்.

1879-ல் திருத்தந்தை பதின்மூன்றாம் சிங்கராயர் அவரைக் கர்தினாலாக உயர்த்தினார். இதயம் இதயத்தோடு உரையாடுவதையே அவர் தம் விருதுவாக்காகக் கொண்டார். 1890 ஆகஸ்டு 11-ம் நாள் பர்மிங்காமில் இறைவனடி சேர்ந்தார். 2010-ல் அருளாளராகவும், 2019 அக்டோபர் 13-ம் நாள் புனிதராகவும் உயர்த்தப்பட்டார். 2025 நவம்பர் 1-ம் நாள் திருத்தந்தை பதினான்காம் லியோ அவரைத் திருச்சபையின் மறைவல்லுநராக அறிவித்தார். தோல்வி எனப்பட்ட அவருடைய டப்ளின் முயற்சியின் வழித்தோன்றலாக அந்நகரில் பெரும் பல்கலைக்கழகக் கல்லூரி விளங்குகிறது. பல நாட்டுப் பல்கலைக்கழகங்களில் கத்தோலிக்க மாணவர் கூடும் இல்லங்கள் நியூமன் பெயரைத் தாங்குகின்றன.

அன்பார்ந்த பங்கு மக்களே, நம் பிள்ளைகளை விடுதியில் சேர்க்கும்போது கட்டடத்தையும் சாப்பாட்டையும் விசாரிக்கிறோம். அங்கே அவர்களோடு வாழ்பவர் யார், அவர் அவர்களைப் பெயர் சொல்லி அறிவாரா என்பதையும் விசாரிப்போமாக. விடுதிகளில் இராத்தூக்கம் கெட்டு, பிறர் பிள்ளைகளுக்குத் தாயும் தந்தையுமாய் நிற்கும் குருக்களையும் கன்னியரையும் பொதுநிலையினரையும் நம் செபத்தில் நினைப்போமாக. வீட்டிலும் நாம் பிள்ளைகளைக் காவல் காப்பதோடு நில்லாது, அவர்களோடு கூடி வாழக் கற்றுக்கொள்வோமாக. இதற்கெனப் புனித நியூமனின் பரிந்துரையை வேண்டுவோமாக.