காட்சி கட்டிய நவாப்

கத்தாரில் ராஸ் லஃபானில் இரும்புக் குழாய்ச் சாரம் கட்டுற வேலையில் இருந்த நாளில், எங்கட தொழிலாளர் முகாமின் புத்தாண்டு நாடகத்துக்குக் காட்சி அமைக்கிற பொறுப்பு என் தலையில் விழுந்தது. எனக்கு ஒண்டும் தெரியாது. கைகொடுத்தது நவாப் ராஜமாணிக்கத்தின் கதைதான்.

1906இல் பிறந்த அவர் சிறுவயதிலேயே நாடகத்துக்கு வந்தவர். ராமதாஸ் நாடகத்தில் நவாப் வேடம் கட்டியதால் அந்தப் பெயர் நிலைத்தது. தேவி பால விநோத சங்கீத சபாவை நடத்தி, தசாவதாரம், ஏசுநாதர் நாடகங்களில் பிரமாண்டக் காட்சிகள் காட்டினார். எம்.என். நம்பியாரும் சிறுவனாக அங்கே வளர்ந்தவர்தான். நவாப் 1974இல் மறைந்தார்.

அந்தக் காலக் கம்பெனிகளில் முன்திரையில் பகிடி நடக்க, பின்னால் அடுத்த காட்சி ஆயத்தமாகும். நானும் அப்படியே செய்தன். குழாயில் சாக்குக் கட்டி, ஊர்க்கோயில் கோபுரத்தை வரைஞ்சன். திரை விலக, முன்வரிசையில் ஒரு ஐயா எழும்பிக் கும்பிட்டார். ஊரை இழந்தவனுக்கு ஊரைக் காட்டுற வேலை இது எண்டு அண்டைக்குத்தான் விளங்கிச்சு.