தள்ளிய பிள்ளைகளைப் படிக்க வைத்த பெண் டாக்டர்

ஒரு வகுப்பிலே நாற்பது பிள்ளைகள் இருக்கிறார்கள். ஒரு பிள்ளை சொன்னவுடன் பிடித்துக் கொள்கிறது. இன்னொரு பிள்ளைக்குப் பத்துத் தடவை சொன்னாலும் ஏறவில்லை. ஒன்றுக்குக் காது மந்தம். ஒன்றுக்குப் பேச்சு திக்குகிறது.

இந்தப் பிள்ளைகளை என்ன செய்வது? மக்கு என்று சொல்லிக் கடைசி வரிசையில் உட்கார வைத்து விடுவதா?

கூடாது என்று சொன்னதோடு நில்லாமல், செய்தும் காட்டியவர் ஒரு பெண்மணி. அவர் பிறந்தது இத்தாலியில். ஆனால், வயதான காலத்தில் பல ஆண்டுகள் வாழ்ந்தது நம் தமிழ்நாட்டில்.

அவர்தான் மரியா மாண்டிசோரி அம்மையார்.

பிண அறையில் படிப்பு

1870-ம் ஆண்டு ஆகஸ்டு 31-ந் தேதி, இத்தாலியில் கியரவல்லே என்ற ஊரில் மரியா பிறந்தார். தகப்பனார் சர்க்கார் உத்தியோகஸ்தர். வீட்டுக்கு ஒரே மகள்.

டாக்டருக்குப் படிக்க வேண்டும் என்று மகள் ஆசைப்பட்டார். தகப்பனாருக்குப் பிடிக்கவில்லை. அந்தப் படிப்புக்குப் பெண்கள் போகாத காலம் அது. மரியா விடவில்லை. ரோமாபுரி பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார்.

ஆண்களோடு நின்று பிணத்தை அறுத்துப் பார்ப்பது பெண்ணுக்குத் தகாது என்றார்கள். ஆகவே, எல்லாரும் போன பிறகு, பிண அறையில் தன்னந்தனியாக நின்று படித்தார். 1896-ல் டாக்டர் ஆனார்.

விடுதியில் கண்ட காட்சி

மன நோய் வைத்தியத்தில் அவர் வேலை செய்தார். அதற்காகப் பைத்தியக்கார விடுதிகளுக்குப் போவார். அங்கே குழந்தைகளும் அடைபட்டுக் கிடந்தார்கள். மந்தபுத்தி என்று உலகம் தள்ளிவிட்ட குழந்தைகள் அவர்கள்.

ஓர் அறையில் குழந்தைகள் சாப்பிட்டு முடித்ததும் தரையில் விழுந்து ரொட்டித் தூள்களைப் பொறுக்கினார்கள். காவல்காரிக்கு அது அருவருப்பாக இருந்தது. மரியா அறையைச் சுற்றிப் பார்த்தார். ஒரு பொம்மை இல்லை. கையில் எடுக்க ஒரு துரும்புகூட இல்லை. அந்தக் கைகள் தேடியது தீனியை அல்ல, ஒரு வேலையை என்று அவருக்குத் தோன்றியது.

இதார், செகன் என்ற இரண்டு பிரெஞ்சு வைத்தியர்கள், இத்தகைய பிள்ளைகளுக்குப் பாடம் சொல்ல முயன்றவர்கள். அவர்கள் எழுதிய புத்தகங்களை மரியா தேடிப் படித்தார். 1900-ல் இந்தப் பிள்ளைகளுக்கான ஆசிரியர்களைப் பழக்கும் பள்ளி ஒன்று ரோமாபுரியில் தொடங்கியது. அதன் பொறுப்பாளர்களில் அவரும் ஒருவர்.

பகலெல்லாம் பிள்ளைகளோடு இருப்பார். மரத்தில் செய்த எழுத்துக்களை விரலால் தடவச் சொல்வார். நம் திண்ணைப் பள்ளிக்கூடங்களில் மணலைப் பரப்பி விரலால் எழுத வைத்தார்கள் அல்லவா? அதைப் போலத்தான். கண்ணுக்குப் பிடிபடாத எழுத்து கைக்குப் பிடிபட்டது. சில பிள்ளைகள் சர்க்கார் பரீட்சையிலும் தேறினார்கள்!

ஊர் வியந்தது. மரியாவின் மனத்திலோ வேறு கேள்வி எழுந்தது. தள்ளப்பட்ட பிள்ளைகளே தேறும்போது, மற்றப் பிள்ளைகள் ஏன் தடுமாறுகிறார்கள்? குறை பிள்ளையிடமா, பள்ளிக்கூடத்திடமா?

1907-ம் ஆண்டு ஜனவரி 6-ந் தேதி, ரோமாபுரியின் ஏழைத் தொழிலாளர் பேட்டை ஒன்றில், குழந்தைகள் இல்லம் திறந்தார். சிறிய நாற்காலி, சிறிய மேஜை. ஒவ்வொரு குழந்தையும் தன் வேகத்தில் படிக்கலாம். மரக்கட்டையில் பல அளவுத் துளைகள் இருக்கும். துளைக்கேற்ற கட்டையைச் செருக வேண்டும். தப்பாகச் செருகினால் ஒரு கட்டை மிஞ்சும். ஆசிரியர் அதட்ட வேண்டியதில்லை. குழந்தை தானே தெரிந்து கொள்ளும்.

தாயின் துயரம்

ஊரார் பிள்ளைகளை அணைத்த அந்தத் தாய்க்குத் தன் பிள்ளையை அணைக்கக் கொடுத்து வைக்கவில்லை. 1898-ல் அவருக்கு மரியோ என்ற மகன் பிறந்தான். மரியாவுக்குக் கல்யாணம் ஆகவில்லை. ஊர்ப் பழிக்கு அஞ்சி, கிராமத்தில் ஒரு குடும்பத்தாரிடம் பிள்ளை வளர்ந்தது. பதினைந்து வயது வாக்கில்தான் தாயோடு வந்து சேர்ந்தான். வெளியே பல காலம் உறவுக்காரர் என்றே சொல்லி வந்தார்கள்.

அடையாறும் கொடைக்கானலும்

முசோலினி ஆட்சியோடு ஒத்துப் போக முடியாமல், 1934-ல் அம்மையார் இத்தாலியை விட்டு வெளியேறினார். சென்னை அடையாறு பிரம்மஞான சபைத் தலைவர் ஜார்ஜ் அருண்டேல் அழைத்தார். 1939 நவம்பரில் தாயும் மகனும் சென்னைக்கு வந்தார்கள். அப்போது அம்மையாருக்கு 69 வயது. சுமார் 300 பேர் பாடம் கேட்கக் கூடினார்கள். தாய் இத்தாலிய மொழியில் சொல்வார். மகன் இங்கிலீஷில் சொல்வார்.

1940 ஜூனில் இத்தாலி போரில் இறங்கியது. உடனே இருவரும் எதிரி நாட்டார் ஆகிவிட்டார்கள்! மரியோவைக் காவலில் வைத்தது வெள்ளைக்கார சர்க்கார். தாய் அடையாற்றை விட்டு வெளியேறக் கூடாது என்று கட்டளை. ஆகஸ்டு 31-ந் தேதி அம்மையாருக்கு 70-வது பிறந்த நாள். அன்று சர்க்கார் மகனை விடுதலை செய்து தாயிடம் சேர்த்தது. அதைவிடப் பெரிய பரிசு எந்தத் தாய்க்கு உண்டு?

பிறகு இருவரும் சுமார் இரண்டு ஆண்டுகள் கொடைக்கானலில் வசித்தார்கள். அங்கும் பல வயதுப் பிள்ளைகளைச் சேர்த்துப் பாடம் நடந்தது. இந்தியாவில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆசிரியர்கள் அம்மையாரிடம் பழகினார்கள். 1952 மே 6-ந் தேதி, ஹாலந்து நாட்டில் அவர் காலமானார்.

கம்மாபுரத்திலும் முடியும்

அவர் காட்டிய வழி அவரோடு போய்விடவில்லை. 2007-ம் ஆண்டு வாக்கில் தமிழ்நாட்டு சர்க்கார் ஆரம்பப் பள்ளிகளுக்கெல்லாம் வந்த செயல்வழிக் கற்றல் திட்டத்தில் அதன் சாயல் இருந்தது. பிள்ளை தன் வேகத்தில் அட்டை அட்டையாக ஏறிப் போனது. உடலிலோ அறிவு வளர்ச்சியிலோ குறை உள்ள பிள்ளையும் மற்றவர்களோடு சேர்ந்து படிக்க வேண்டும் என்கிறது 2016-ம் ஆண்டுச் சட்டம்.

சட்டம் கதவைத் திறக்கும். கையைப் பிடித்து உள்ளே அழைப்பவர் ஆசிரியர். கம்மாபுரம் பக்கத்துச் சின்னப் பள்ளிக்கூடத்திலும் ஒரு தட்டு மணல் கிடைக்கும். ஒரு பிடி புளியங்கொட்டை கிடைக்கும். எழுத்தும் எண்ணும் சொல்லித்தர அவை போதும். வீட்டிலே தாய்மாரும் இதைச் செய்யலாம்.

மெதுவாகப் படிக்கிற பிள்ளை மக்குப் பிள்ளை அல்ல. அதற்கேற்ற வழியை நாம் இன்னும் தேடவில்லை என்பதே பொருள்.